நெட்வொர்க் கார்டு ஃபர்ம்வேரைப் பழைய பதிப்புக்கு இறக்கலாமா?

நீலக்கேபிள்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஆபீஸ்ல நாலு லினக்ஸ் சர்வர் இருக்கு. நாலுலயும் ஒரே மாதிரி கனெக்ட்எக்ஸ்-4 எல்எக்ஸ் நெட்வொர்க் கார்டு, 25 கிகாபிட், ரெண்டு போர்ட். மூணுல ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளயே ஓடற மென்பொருள்) 14.28.2006. நாலாவதுல மட்டும் போன வெள்ளிக்கிழமை ராத்திரி ராம் கூட்டுறதுக்காக மெஷினை நிறுத்தினப்போ, கையோட 14.32.1010 ஏத்திட்டேன். ஞாயிறுலேர்ந்து அதோட முதல் போர்ட்ல லிங்க் விழுந்து விழுந்து எந்திரிக்குது, ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை. அது வழியாத்தான் ஸ்டோரேஜ் ஓடுது. ஒவ்வொரு தடவையும் விஎம் (விர்ச்சுவல் மெஷின்) எல்லாம் ஹேங் ஆகி மீளுது. பழைய ஃபர்ம்வேருக்கே இறக்கிடலாம்னு பாக்கறேன், ஆனா நடுவுல கார்டு செத்துட்டா ஸ்பேர் கிடையாது. செஞ்சவங்க வழி சொல்லுங்க.

பழையரேக்:
தம்பி, இறக்கலாம். ஆனா நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை என்னை நிறுத்துது: "முதல் போர்ட்". அந்தக் கார்டுல ரெண்டு போர்ட்டுக்கும் சேர்த்து ஒரே சிப், ஒரே ஃபர்ம்வேர். ஃபர்ம்வேர்தான் கோளாறுன்னா ரெண்டாவது மட்டும் ஏன் அசையாம நிக்குது? அன்னைக்கு ராம் போட சர்வரை ரேக்லேர்ந்து வெளிய இழுத்திருப்பீங்க இல்லையா. எனக்கு சந்தேகம் கேபிள் மேல. கார்டு நிலையைக் காட்டற எத்டூல் கட்டளையில மைனஸ் பெரிய எஸ் போட்டு, லிங்க் விழுந்த தடவையை எண்ணற "லிங்க் டவுன் ஈவன்ட்ஸ்" கவுன்ட்டரை ரெண்டு போர்ட்லயும் குறிச்சு வைங்க. கேபிளை மாத்துங்க. ஸ்விட்ச் பக்கமும் சர்வர் பக்கமும் எஃப்இசி (பிழை திருத்தற முறை) ஒண்ணா இருக்கான்னு ஒரு பார்வை. இதுக்கு மேலயும் விழுந்தா அப்புறம் ஃபர்ம்வேரைத் தொடலாம்.

எப்படியும் நாலும் ஒரே பதிப்புல இருக்கறது நல்லது, அதனால முறையையும் சொல்லிடறேன். எம்எஸ்டிஃப்ளின்ட்ங்கற ஃபர்ம்வேர் டூலை வெச்சு கார்டை குவெரி பண்ணுங்க. பதிப்பு எண்ணோட பிஎஸ்ஐடின்னு ஒண்ணு காட்டும். அது கார்டோட மாடல், போர்டு அமைப்பு எல்லாத்துக்குமான அடையாளம். டெல், ஹெச்பிஇ, லெனோவா முத்திரையோட வர்ற கார்டுக்கு பிஎஸ்ஐடி தனி. இறக்கப்போற ஃபைலோட பிஎஸ்ஐடி எழுத்துக்கு எழுத்து அதேதானான்னு பாருங்க. பதிப்பு எண் 14-ல ஆரம்பிக்கிறது 4 எல்எக்ஸுக்கு, 16-ல ஆரம்பிக்கிறது கனெக்ட்எக்ஸ்-5க்கு. மாத்தி எடுத்துடாதீங்க.

எழுதறதுக்கு முன்னாடி "ஆர்ஐ" கட்டளையால கார்டுல இப்ப இருக்கற இமேஜை அப்படியே வெளிய எடுத்து, வேற மெஷின்ல ஒரு காப்பி வைங்க. இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. செகண்ட்ஹேண்ட்ல வாங்கின ஒரு கார்டுல பிஎஸ்ஐடி ஒத்து வரலைன்னு டூல் மறுத்துச்சு. நான் பிஎஸ்ஐடி மாத்த அனுமதி குடுக்கற ஆப்ஷனைப் போட்டு வம்பா ஏத்தினேன். நெட்வொர்க் டேட்டா ஒழுங்காத்தான் போய் வந்துச்சு. ஆனா அந்தக் கார்டு வழியா வந்துட்டிருந்த ரிமோட் மேனேஜ்மென்ட் காலையில காணோம். எடுத்து வெச்ச அந்த ஒரு ஃபைல்தான் என்னைக் காப்பாத்திச்சு.

கரண்ட் போனா என்ன ஆகும்னு பயப்படாதீங்க. ஃபிளாஷ்ல ரெண்டு இடம் இருக்கு, புதுசு இன்னொரு இடத்துலதான் எழுதப்படும், முழுசா முடிஞ்ச பிறகுதான் அது நடப்புக்கு வரும். அந்தப் பாதுகாப்பை நிறுத்துற "நோஎஃப்எஸ்" ஆப்ஷனை மட்டும் தொடாதீங்க. எம்எஸ்டிகான்ஃபிக் காட்டற செட்டிங்கையும் ஒரு ஃபைல்ல சேமிங்க, எஸ்ஆர்-ஐஓவி (ஒரே கார்டை விஎம்களுக்குப் பிரிச்சுக் குடுக்கறது) எண்ணிக்கையெல்லாம் அங்கதான் இருக்கு.

மஞ்சள்எல்இடி:
அண்ணா, லேப்டாப் வைஃபைக்கும் இதே முறையா? எனக்கும் பழையது வேணும்.

பழையரேக்:
இல்லப்பா, அது வேற. லேப்டாப் வைஃபை சிப் பலதுல ஃபர்ம்வேர் நிரந்தரமா உக்காராது. டிரைவர்தான் லிப் ஃபர்ம்வேர் ஃபோல்டர்லேர்ந்து ஒவ்வொரு தடவையும் எடுத்து ஏத்தும். பழைய ஃபைலைத் திரும்ப வெச்சு, இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் ஆகும்போது முதல்ல ஏர்ற சின்ன ஃபைல் தொகுப்பு) புதுப்பிச்சு ரீபூட் பண்ணா முடிஞ்சுது. கார்டுக்கு ஆபத்தே இல்ல.

கேட்ஏழு:
ஒண்ணு சேர்த்துக்கறேன். செக்யூர் ஃபர்ம்வேர் உள்ள புது கார்டுகள்ல பாதுகாப்புப் பதிப்பு எண் ஒண்ணு இருக்கும். அது ஒரு தடவை ஏறிட்டா அதுக்குக் கீழ உள்ள இமேஜை கார்டு ஏத்துக்காது. குவெரியை ஃபுல்னு குடுத்து செக்யூரிட்டி வரிகளைப் பாத்துட்டு இறங்குங்க.

நீலக்கேபிள்:
அண்ணா, ராத்திரி சர்வர் ரூம்லேர்ந்தே எழுதறேன். நீங்க சொன்ன அன்னைக்கே பின்பக்கம் டார்ச் அடிச்சுப் பாத்தேன். முதல் போர்ட் டிஏசி கேபிள் (ரெண்டு முனையிலயும் கனெக்டரோட வர்ற செம்புக் கேபிள்), கனெக்டர்லேர்ந்து ரெண்டு விரல் தூரத்துல ரேக்குக்கு கரண்ட் பிரிச்சுக் குடுக்கற பிடியூ பட்டையில மாட்டி மடிஞ்சு கிடந்துச்சு. மடிப்புல உறை வெள்ளையா வெளிறியிருக்கு. சர்வரைத் திரும்பத் தள்ளினப்போ நான்தான் நசுக்கியிருக்கேன். வேற கேபிள் போட்டேன். கவுன்ட்டர் 31-ல நின்னுது. நாலு நாள் கழிச்சும் 31தான்.

அதுக்கப்புறமும் ஃபர்ம்வேரை இறக்கினேன், ஸ்டோரேஜ் பக்கத்து ஆதரவுப் பட்டியல்ல 14.28.2006தான் இருக்கு. விஎம்களை வேற மெஷினுக்கு நகர்த்தி, இமேஜை எடுத்து வெச்சு, பிஎஸ்ஐடியை ரெண்டு தடவை வாசிச்சுட்டு ஆரம்பிச்சேன். ஃபிளாஷ்ல இருக்கறதைவிட இது பழசுன்னு சொல்லி, தொடரட்டுமான்னு கேட்டுச்சு. அந்த இடத்துல கை கொஞ்சம் நடுங்கிச்சு அண்ணா. ஒய் அடிச்சேன். நூறு சதவீதம் வந்ததும் மெஷினை முழுசா பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். இப்ப எத்டூல் மைனஸ் ஐ நாலு மெஷின்லயும் ஒரே எண்ணைக் காட்டுது. ரொம்ப நன்றி.

பழையரேக்:
சந்தோஷம் தம்பி. மடிஞ்ச அந்தக் கேபிளைக் கட் பண்ணித் தூக்கிப் போடுங்க. டிராயர்ல வெச்சா யாராவது ஒரு நாள் எடுத்து மாட்டிடுவாங்க.