கிராமப்புறத் தொகுதி மக்களவை உறுப்பினரின் வேளாண்மைப் பணியை அவைப் பதிவுகளிலிருந்து மதிப்பிடுவது எப்படி?

டெல்டா வாசகர் (கேள்வி):

எங்கள் வாசகர் வட்டம், தொகுதியின் மக்களவை உறுப்பினர் ஐந்தாண்டுகளில் உழவைப் பற்றியும் கிராம மக்களைப் பற்றியும் அவையில் என்ன கேட்டார், என்ன பேசினார் என்பதைத் தொகுத்து ஒரு சிறு வெளியீடாகக் கொண்டுவர முடிவு செய்திருக்கிறது. அவர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். எந்தக் கூட்டத்திலும் அதைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவதில்லை. அவரைப் புகழ்வதோ இகழ்வதோ எங்கள் நோக்கமில்லை. வாக்களித்த மக்கள் படித்துப் பார்த்துத் தாங்களே முடிவுக்கு வரத்தக்க ஒரு பதிவு வேண்டும், அவ்வளவுதான்.

மக்களவையின் இணையதளத்திலிருந்து அவருடைய கேள்விகளையும் உரைகளையும் திரட்டிவிட்டோம். கேள்விகளின் எண்ணிக்கை மாநிலச் சராசரியைவிட அதிகமாக இருக்கிறது. ஆனால் படிக்கப் படிக்க ஐயம் வளர்கிறது. பல கேள்விகளுக்கு, வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள், அதாவது சட்டமியற்றும் அதிகாரம் மாநிலங்களுக்கு உரியது, என்ற ஒரே வரியோடு பதில் தொடங்குகிறது. சில கேள்விகள் வேறு உறுப்பினர்கள் கேட்டவற்றோடு சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கின்றன. எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ளலாமா, வேறு எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவை நடைமுறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

ஓய்வுபெற்ற நூலகர்:

எண்ணிக்கையைப் பதிவு செய்யுங்கள்; ஆனால் அதைக் கொண்டு தீர்ப்பு எழுதாதீர்கள். மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. குறியிடாத கேள்விக்கு எழுத்தில் ஒரு பதில் வந்துவிடும். அத்துடன் அது முடிந்தது. குறியிட்ட கேள்விக்குத்தான் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் துணைக் கேள்வி கேட்டு மடக்க முடியும். ஆகவே முதலில் இந்த இரண்டையும் பிரித்து வையுங்கள். குறியிட்ட கேள்வி அவையில் எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்களில் உங்கள் உறுப்பினர் இடத்தில் இருந்தாரா, துணைக் கேள்வியாக எதைக் கேட்டார் என்பதை அன்றைய விவாதப் பதிவில் பார்க்கலாம். எழுதிக் கொடுத்த கேள்வியை உதவியாளர் தயாரித்திருக்கக்கூடும். அமைச்சரின் பதிலைக் கேட்ட மறுகணமே எழும் துணைக் கேள்வியில்தான் உறுப்பினர் அந்தப் பொருளை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பது வெளிப்படும்.

மாநிலப் பட்டியல் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் வேளாண்மை மாநிலப் பட்டியலின் 14-ஆவது பதிவாக இருக்கிறது. ஆனால் உழவரின் வருவாயைத் தீர்மானிக்கும் முடிவுகளில் பெரும்பகுதி தில்லியில் எடுக்கப்படுகிறது: குறைந்தபட்ச ஆதரவு விலை, உர மானியம், சமையல் எண்ணெய் இறக்குமதி வரி, அரிசி ஏற்றுமதித் தடை, பயிர்க் காப்பீட்டின் விதிகள் ஆகிய அனைத்தும் ஒன்றிய அரசின் கையில் உள்ளவை. தன் தொகுதியின் எந்தக் குறை எந்த மேசையில் தீரும் என்று அறிந்த உறுப்பினர், மாநிலப் பட்டியல் என்ற பதிலுக்கு இடம் வைக்காமல் கேட்பார்.

டெல்டாவிலிருந்தே ஒரு எடுத்துக்காட்டு. குறுவை என்னும் குறுகிய கால நெற்பயிரின் அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தோடு மோதுகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். நெல் குவியல்கள் திறந்த வெளியில் நனைகின்றன. நிலையத்தை நடத்துவது மாநில அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகம் என்பதால் மக்கள் அங்கேதான் சண்டை போடுகிறார்கள். ஆனால் அந்த வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் ஒன்றிய உணவுத் துறைக்கு உரியது. மாநில அரசு கடிதம் எழுதி, ஒன்றியக் குழு வந்து மாதிரி எடுத்து, ஆணை பிறப்பதற்குள் அறுவடை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இந்தத் தளர்வை ஆண்டுதோறும் கெஞ்சிப் பெறும் சலுகையாக வைத்திராமல் பருவ காலத்துக்கான நிலையான விதியாக்க வேண்டும் என்று உங்கள் உறுப்பினர் வலியுறுத்தியிருக்கிறாரா? அறுவடைக்கு முன்பே கேட்டாரா, நெல் முளைத்த பிறகு கேட்டாரா? தேதிகளைப் பாருங்கள்.

இதனால்தான், வேளாண் அமைச்சகத்துக்கு அனுப்பிய கேள்விகளை மட்டும் தேடினால் பாதி தவறிப்போகும். ஈரப்பதம் உணவு அமைச்சகத்தில், பாமாயில் இறக்குமதி வரி நிதி அமைச்சகத்தில், காவிரி ஜல் சக்தி அமைச்சகத்தில், யூரியா தட்டுப்பாடு உர அமைச்சகத்தில் இருக்கும். தேடலைப் பொருளின் பெயரால் செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால் அது அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. அதைக் கண்காணிக்க 1953 முதல் மக்களவையில் உறுதிமொழிக் குழு ஒன்று இயங்கி வருகிறது. உங்கள் உறுப்பினரின் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களில் எத்தனை உறுதிமொழிகளாயின, அவற்றில் எவை நிறைவேறின, எவை ஓசையில்லாமல் கைவிடப்பட்டன என்று தொடர்ந்து சென்று பார்த்தால் உங்கள் வெளியீட்டின் மிக வலுவான அத்தியாயம் அதுவாகவே இருக்கும்.

சட்டக் கல்லூரி ஆசிரியர்:

ஐயா சொன்னதோடு ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். அவர் எப்படி வாக்களித்தார் என்ற பகுதியை எழுதும்போது கவனம் தேவை. பெரும்பாலான மசோதாக்கள், உறுப்பினர்கள் ஆம், இல்லை என்று குரல் கொடுக்கும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதால், யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது பெயர் பெயராகப் பதிவாவதில்லை. 2020 செப்டம்பரில் மூன்று வேளாண் மசோதாக்கள் வந்தபோதும் இதுவே நடந்தது. செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் எண்ணி வாக்கெடுக்கக் கோரியும் அவற்றில் இரண்டு குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேற்றப்பட்டன. அந்தச் சட்டங்கள் 2021 நவம்பர் 29 அன்று விவாதமே இல்லாமல் திரும்பப் பெறப்பட்டன. கொண்டுவந்தபோது, துறைவாரியாக மசோதாக்களை ஆராயும் உறுப்பினர் குழுவான நிலைக்குழுவுக்கு அனுப்பப்படவில்லை; திரும்பப் பெற்றபோது பேச இடம் தரப்படவில்லை. கோடிக்கணக்கான உழவர்களைத் தொட்ட ஒரு சட்டத்தில் அவர்களுடைய பிரதிநிதிகளின் பெயர்கூடப் பதிவாகாமல் போனதை நான் நம் நாடாளுமன்ற நடைமுறையின் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

தவிர, 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி கொறடா உத்தரவை, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கட்டளையை, மீறி வாக்களித்தால் பதவி பறிபோகலாம். எனவே வாக்கை மட்டும் வைத்து ஒருவரின் மனத்தை அளக்க இயலாது. விவாதத்தில் அவர் ஆற்றிய உரையையும், கொடுத்த திருத்தங்களையும் தேடுங்கள்.

மலையடிவாரத்தான்:

அவையைவிடக் குழுக்களில்தான் கிராமப்புற உறுப்பினர்கள் அழுத்தமான வேலையைச் செய்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அங்கே செய்தியாளர் அனுமதி இல்லை. அதனால் கட்சிக்காகக் குரல் உயர்த்தும் தேவையும் குறைவு.

வன உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் அறிமுகமான மசோதா பழங்குடியினரை மட்டுமே கருத்தில் கொண்டிருந்தது. 1980 அக்டோபர் 25-க்கு முன்பிருந்தே நிலத்தில் இருந்தவர்களுக்குத்தான் உரிமை என்றும், குடும்பத்துக்கு 2.5 ஹெக்டேர் வரை என்றும் சொன்னது. ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியிலிருந்து வந்த கிஷோர் சந்திர தேவ் தலைமையிலான கூட்டுக் குழு அதை ஆராய்ந்து 2006-இல் அறிக்கை கொடுத்தது. இறுதியில் நிறைவேறிய சட்டத்தில் அந்தத் தேதி 2005 டிசம்பர் 13 ஆனது, நில வரம்பு 4 ஹெக்டேர் ஆனது, தலைமுறைகளாகக் காட்டைச் சார்ந்து வாழும் மற்றவர்களும் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஒரு தேதி மாறாமல் இருந்திருந்தால், கால் நூற்றாண்டுக் காலம் பயிர் செய்துவந்த குடும்பங்கள் சட்டத்தின் முன் ஆக்கிரமிப்பாளர்களாகவே நின்றிருக்கும்.

அடுத்தது 2012 ஆகஸ்டில் வந்த வேளாண்மை நிலைக்குழுவின் அறிக்கை. மேற்கு வங்கத்தின் பாங்குரா தொகுதியிலிருந்து 1980 முதல் 2014 வரை உறுப்பினராக இருந்த பாசுதேவ் ஆச்சார்யா அதன் தலைவர். மரபணு மாற்றப் பயிர்களைப் பற்றி அறிவியலாளர்கள், நிறுவனங்கள், உழவர் அமைப்புகள் எனப் பலரிடம் சாட்சியம் பெற்றார்கள். பருத்தி உழவர்களின் தற்கொலைகள் நிகழ்ந்த யவத்மால் மாவட்டத்துக்கே சென்று உழவர்களைச் சந்தித்தார்கள். களச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்ற பரிந்துரையில் ஆளுங்கட்சி உறுப்பினர்களும் சேர்ந்தே கையெழுத்திட்டார்கள். அறிக்கை அரசைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனாலும் அதன் பிறகு இந்தப் பயிர்களைப் பற்றிப் பேசிய எவரும் அதைப் புறக்கணிக்க முடியவில்லை.

உங்கள் உறுப்பினர் எந்த நிலைக்குழுவில் இருந்தார் என்று பாருங்கள். குழு அறிக்கைகளின் பின்னிணைப்பில் கூட்டக் குறிப்புகளும் வந்தவர்களின் பட்டியலும் இருக்கும்; மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் இருக்கும்.

டெல்டா வாசகர்:

மிக்க நன்றி. எங்கள் தொகுப்பில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் தாமே கொண்டுவரும் மசோதா) ஒன்றும் இருக்கிறது. ஆதரவு விலையைச் சட்ட உரிமையாக்கக் கோருவது. அது விவாதத்துக்கே வரவில்லை. அதைச் சாதனை என்று எழுதுவதா, வெறும் சடங்கு என்று எழுதுவதா?

சட்டக் கல்லூரி ஆசிரியர்:

இரண்டில் எதுவாகவும் எழுத வேண்டாம். மசோதாவின் வாசகத்தைப் படியுங்கள். விடுதலைக்குப் பிறகு சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே. 1970-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஆகவே நிறைவேறவில்லை என்பது குறையாகாது. மாநிலங்களவையில் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015-இல் அந்த அவையில் நிறைவேறி, அரசே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டிய நிலையை உருவாக்கியது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

வேளாண்மையில் ஒப்பிட வேண்டுமானால், மகாராட்டிரத்தின் ஹாத்கணங்களே தொகுதி உறுப்பினராக இருந்த ராஜூ ஷெட்டி 2018-இல் கொண்டுவந்த இரண்டு மசோதாக்கள் இருக்கின்றன: ஒன்று கடனிலிருந்து விடுதலை, மற்றொன்று கட்டுபடியாகும் ஆதரவு விலைக்கான உரிமை. பல உழவர் அமைப்புகள் கூடி விவாதித்து உருவாக்கிய வரைவுகள் அவை. உங்கள் உறுப்பினரின் மசோதா உற்பத்திச் செலவை எப்படிக் கணக்கிடுகிறது? கைச்செலவும் குடும்ப உழைப்பும் மட்டுமா, சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் முதலீட்டின் வட்டியையும் சேர்த்த முழுச் செலவா? அரசு இன்று முதற்கணக்கின் மேல்தான் ஒன்றரை மடங்கு தருவதாகச் சொல்கிறது. இந்த இடத்தைத் தெளிவாக எழுதாத மசோதா, தலைப்பில் எவ்வளவு பெரிய உரிமையைச் சொன்னாலும், உழவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காது.

குத்தகைச் சாகுபடிக்காரர்:

இதுவரை பேசியவர்கள் அனைவரும் நிலம் வைத்திருப்பவரையே உழவர் என்று எடுத்துக்கொண்டு பேசியிருக்கிறீர்கள். டெல்டாவில் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் பயிர் செய்பவர்கள் ஏராளம். வாய்மொழிக் குத்தகையில் இருப்பவர்களும் உண்டு. நிலமே இல்லாத கூலித் தொழிலாளர்கள் எல்லாரையும்விட அதிகம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் திட்டம் நிலம் தன் பெயரில் உள்ள குடும்பங்களுக்கு மட்டுமே. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரர் சேரலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில், அதாவது சாகுபடிப் பதிவேட்டின் நகலில், யார் பெயர் இருக்கிறது என்பதில் அது நின்றுவிடுகிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-இலேயே சட்டம் வந்தும், பெயர் ஏறாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெள்ளத்தில் பயிர் போனால் நட்டம் எங்களுக்கு, இழப்பீடு பட்டாதாரருக்கு.

எனவே உங்கள் தொகுப்பில் இப்படியும் ஒரு தேடல் செய்யுங்கள் ஐயா. குத்தகைதாரர், பங்குச் சாகுபடியாளர், விவசாயத் தொழிலாளர், நாற்று நடும் பெண்கள் ஆகியோரைப் பற்றி உறுப்பினர் ஐந்தாண்டுகளில் எத்தனை முறை வாய் திறந்தார்? திட்டத்தின் பயன் நிலத்தின் உரிமையாளருக்கா, பயிர் செய்பவருக்கா என்று ஒருமுறையாவது அமைச்சரை நேருக்கு நேர் கேட்டாரா? கேட்டிருந்தால் அந்தப் பதிலை முழுமையாக அச்சிடுங்கள். கேட்கவில்லையென்றால் அதையும் எழுதுங்கள், தேடிய சொற்களோடு.

டெல்டா வாசகர்:

கட்டாயம் செய்கிறோம் ஐயா. குத்தகைதாரர் என்ற சொல்லை மட்டும் இப்போதே தேடிப் பார்த்தேன்; ஒரே ஒரு குறியிடாத கேள்வி இருக்கிறது. தகவல் மாநிலங்களிடமிருந்து திரட்டப்படுகிறது என்று பதில் வந்திருக்கிறது. அது உறுதிமொழியாகப் பதிவானதா, மூன்று மாதங்களில் தகவல் வந்ததா என்று குழுவின் அறிக்கைகளில் பார்த்து, கிடைப்பதை இங்கேயே பதிவிடுகிறேன்.