மூளைத் தமனிப் புடைப்பு சிகிச்சை: ஒப்புதல் படிவத்துக்கு மூன்று சொற்கள்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். மூளை அனியூரிசத்துக்கு (மூளைத் தமனியின் சுவர் பைபோல உப்புவது) தொடைத் தமனி வழியாகச் செய்யும் சிகிச்சையின் ஒப்புதல் படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய படிவத்தில் 'மூளை வீக்கம்', 'காயில்' (coil, உப்பிய இடத்துக்குள் வைக்கும் உலோகச் சுருள்), 'அடைப்பு சிகிச்சை' என்று இருக்கிறது. தமனிக்குள் வைக்கும் பின்னல் குழலான ஃப்ளோ டைவர்ட்டருக்குச் (flow diverter) சொல்லே இல்லை, 'ஓட்டத்திருப்பி' சரிவருமா?

மருத்துவர்:
மூளை வீக்கம் என்பது மூளைத் திசு நீர்கோத்து வீங்குவது, வேறு நோய். 'கட்டி' என்றால் புற்றுநோயோ என்று வீட்டார் கலங்குவார்கள். 'அடைப்பு' இன்னும் மோசம். இதய அடைப்பை நீக்குவதைக் கேட்டுப் பழகியவர்கள், இங்கேயும் அடைப்பை எடுக்கிறோம் என்றே நினைப்பார்கள். நாம் செய்வது நேர் எதிர்: குருதி புகாதபடி புடைப்பை அடைக்கிறோம்.

புலவர்:
டாக்டர் 'புடைப்பு' என்று தாமாகவே எழுதிவிட்டார். அதையே பிடித்துக்கொள்வோம். புடை என்றால் வீங்கு. புடை என்றால் பக்கம். புடை என்றால் பொந்தும்கூட. தமனிச் சுவரின் பக்கத்தில் வீங்கி, உள்ளே பொந்தாக நிற்பதற்கு இதைவிடப் பொருந்திய வேர் இல்லை. கிரேக்க மூலமோ வெறும் 'விரிவு' என்பதோடு நின்றுவிடுகிறது.

'ஓட்டத்திருப்பி' வேண்டாம். ஓட்டத்து + இருப்பி என்றும் பிரியும். 'ஓட்டந்திருப்பி' என்றால் அந்த ஐயம் இல்லை. என்னைக் கேட்டால் 'மடைமாற்றி'. உழவர் நாவில் உள்ள சொல்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, இலங்கைப் பாடநூல்களில் தமனிக்கு 'நாடி', சிரைக்கு 'நாளம்'. யாராவது 'நாளப் புடைப்பு' என்று எழுதினால் எங்கள் வாசகர் சிரையில் வந்த நோய் என்றே கொள்வார். 'நாடி' என்று எழுதினால் உங்கள் பக்கத்தில் கைபிடித்துப் பார்க்கும் நாடித்துடிப்பாகிவிடும். இரு பதிப்பு தவிர வழி தெரியவில்லை. வைத்தியர் ஐயா, 'மடைமாற்றி' மருத்துவப் பொருளில் சரியா?

மருத்துவர்:
சரியில்லை. மடையை மாற்றினால் நீர் வேறு வாய்க்காலுக்குப் போக வேண்டும். இங்கே வேறு வாய்க்கால் கிடையாது. குருதி அதே தமனியில்தான் ஓடும். புடைப்பின் கழுத்துக்குக் குறுக்கே நெருக்கமாகப் பின்னிய குழல் நிற்பதால் உள்ளே போகும் வேகம் குறைகிறது, தேங்கிய குருதி உறைகிறது, வலையின் மேல் மாதக்கணக்கில் உட்தோல் படர்ந்து கழுத்து மூடுகிறது. அன்றைக்கே மூடாது. குழல் மறைக்கும் கிளைத்தமனிகளுக்கு அப்பால் குருதியை இழுக்கும் மூளைப்பகுதி இருப்பதால், அவை பெரும்பாலும் திறந்தே இருக்கும். புடைப்புக்கு அப்படி வெளிவாய் இல்லை, எனவே அது மூடுகிறது.

காயில் பற்றி: தமிழ் எழுத்தில் 'காயில்' என்றால் 'காய்க்குள்' என்று வாசிக்கலாம். படிவத்துக்குப் 'பிளாட்டினச் சுருள்' போதும். இத்தாலிய மருத்துவர் குக்லியெல்மியின் சுருள் 1990இல் முதல் நோயாளிக்குப் போனபோது அதன் புதுமையே கழற்றுவதில்தான் இருந்தது: சுருள் சரியாக அமர்ந்தபின் சிறு மின்னோட்டம் செலுத்தினால், தள்ளும் கம்பியோடு உள்ள இணைப்பு கரைந்து விடுபடும். அமராவிட்டால் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். எனவே சொற்பட்டியலில் 'கழற்றுசுருள்'.

'நிரப்புதல்' என்று எழுதாதீர்கள். முதலில் கூடுபோல் நிற்கும் சுருள், அதற்குள் மென்மையானவை, கடைசியில் கழுத்தருகே மிக மென்மையானது. இத்தனையும் வைத்தாலும் உலோகம் கொள்ளளவில் கால் பங்கு அளவுதான், மீதி உறைந்த குருதி. தளர்வாக வைத்தால் குருதியழுத்தம் சுருளை உள்ளே தள்ளிக் கழுத்தைத் திறந்துவிடும். மறுபடி ஆஞ்சியோ (தமனிகளின் எக்ஸ்ரே படம்) எடுப்பது அதற்காகத்தான். சுருளைக் கொண்டுசெல்லும் நுண்குழாய் புடைப்பின் சுவரைத் துளைத்துவிட்டால் அதை வெளியே இழுக்கக் கூடாது, ஓட்டை திறக்கும். குருதி உறையாமல் தடுக்கக் கொடுத்த ஹெப்பரினை முறிக்கப் புரோட்டமின் கொடுத்து, அங்கேயே சுருள் வைத்து மூட வேண்டும். இந்த இடரைப் படிவம் 'கிழிதல்' என்று நேராகச் சொல்லட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் ஃப்ளோ டைவர்ட்டருக்கு 'வலைக்குழல்'?

புலவர்:
சாதாரண ஸ்டென்ட்டும் வலைக்குழல்தானே? இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

மருத்துவர்:
நெருக்கத்தால். சுருளைத் தாங்கும் ஸ்டென்ட்டின் கண்கள் பெரியவை. 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பைப்லைன் என்னும் ஃப்ளோ டைவர்ட்டர் 48 இழைகளால் பின்னியது. தமனிச் சுவரில் அது படியும் பரப்பில் 30–35% உலோகம். 'அடர்வலைக்குழல்' எனலாம். விரிய விரிய நீளம் குறையும் என்பதும் பின்னல் என்பதால்தான். அளவு தவறினால் நழுவிப் புடைப்புக்குள் விழலாம்.

சொல் எதுவானாலும் இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. குழலுக்குள் குருதி உறைந்தால் பக்கவாதம் வரும்.

மொழிபெயர்ப்பாளர்:
தமனிப் புடைப்பு (முதல் வரியில் மட்டும் 'அனியூரிசம்' என்பதும்), பிளாட்டினச் சுருள், அடர்வலைக்குழல். இலங்கைப் பதிப்பில் நாடிப் புடைப்பு. வேறு மறுப்பு இல்லையென்றால் அனுப்பிவிடுகிறேன்.

புலவர்:
படிவத்துக்குச் சரி. கலைச்சொல் பட்டியலுக்கு ஒப்பவில்லை. 'அடர்வலைக்குழல்' பொருளின் வடிவத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. நாளை இதே வேலையைப் பின்னலில்லாத வேறொரு கருவி செய்தால் என்ன பெயர் வைப்பீர்கள்? 'ஓட்டந்தணிப்பி' என்பதை என் பரிந்துரையாகப் பதிந்துகொள்ளுங்கள்.