பி16 நெகட்டிவ் என்றதும் கற்பூரம் கொளுத்திய பெரியம்மா

கோண்டாவில்காரி:
பெரியப்பாவுக்கு நாக்கின் அடியில், தொண்டைப் பக்கமாகக் கட்டி. தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் காட்டி, பயொப்சிக்குத் துண்டு எடுத்து, றிப்போர்ட் கைக்கு வந்தது. படித்த பிள்ளை என்று என்னிடம்தான் தந்தார்கள். பி16 நெகட்டிவ் என்று வாசித்தேன். பெரியம்மா உடனே சாமி அறைக்குள் போய்க் கற்பூரம் கொளுத்தினார். கொரோனா காலத்தில் பழகிய நெகட்டிவ்தானே, நானும் தலையாட்டிவிட்டேன்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் பொறுமையாக விளக்கினார். பி16 என்பது உடம்பின் கலம் (செல்) கண்டபடி பெருகாமல் பிடித்து வைக்கும் பிரேக்குகளில் ஒன்று. தொண்டைப் புற்றுநோயில் அதைப் பார்ப்பது எச்பிவி வைரஸால் வந்ததா என்று அறியத்தான். அந்த வைரஸ் ஆர்பி என்ற இன்னொரு பிரேக்கை முடக்கும். உடனே கலம் பி16ஐ அள்ளிச் சுரக்கும். அதுதான் பொசிட்டிவ். அந்த வகை பெரும்பாலும் சிகிச்சைக்கு நன்றாக மசியும். பெரியப்பாவுடையது மற்ற வகை, ஐம்பது வருட வெற்றிலையும் புகையிலையும் சுருட்டும் செய்த வேலை. வைரஸ் சம்பந்தப்படாத இப்படியான கட்டிகளில் 80 சதவீதத்துக்கு மேல் பி53 என்ற காவல் ஜீன் பழுதாகியிருக்குமாம். கற்பூரம் கொளுத்தியிருந்தால் பொசிட்டிவுக்குத்தான் கொளுத்தியிருக்க வேண்டும்!

இதைவிடப் பெரிய கூத்து வீட்டில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஜீனுக்கு நாங்கள் படித்த சொல் பரம்பரையலகு. ஜீன் பழுதானதை “பரம்பரையலகில் விகாரம்” என்று நான் வாய் தவறிச் சொல்ல, அது மாப்பிள்ளை வீடு வரைக்கும் போய்விட்டது. அக்காவுக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். “அப்ப பிள்ளையளுக்கும் வருமோ?” என்று கேட்டார்கள். திரும்ப டொக்டரிடம் ஓடினேன். இந்த விகாரம் வாயில், தொண்டையில், அந்த இடத்துக் கலங்களில் வாழ்நாளில் சேர்ந்தது. பிள்ளைக்குக் கடத்தப்படுவதில்லை என்றார். ஒவ்வொரு கலத்திலும் அந்த ஜீனுக்கு இரண்டு பிரதி உண்டு, வழக்கமாக இரண்டும் கெட்டால்தான் பிரேக் முழுதாகப் போகும், அதற்குத்தான் இத்தனை வருடம் எடுக்கிறது என்றும் சொன்னார். பிறந்தபோதே பிழையோடு வரும் குடும்பங்கள் மிக அரிதாம். (சம்பந்தம் பிறகு தட்டிப்போனது. அது சீதனத்தால், பி53ஆல் அல்ல.)

சாவகச்சேரி:
நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன். கட்டித் துண்டில் பி53 ஜீன் செய்யும் புரதத்தைப் பார்க்க நிறமூட்டுவோம், அதிலும் இதே குழப்பம்தான். “நிறமே பிடிக்கேல்லை எண்டால் நல்லதுதானே தம்பி?” என்று ஒருவர் கேட்டார். நல்ல பி53 புரதம் கலத்துக்குள் சீக்கிரம் சிதைந்துவிடும், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிறம் தெரியும். விகாரப்பட்டது சிதையாமல் தேங்கிக் கடும் பழுப்பாகும். ஜீன் அறுந்தே போயிருந்தால் ஒன்றும் தெரியாது. கடும் நிறமும் பிழை, வெறுமையும் பிழை. அந்த மனிதருக்கு இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, டொக்டரைக் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

பருத்தித்துறை:
அப்பாவுக்கு இடது கன்னத்தின் உட்பக்கப் புற்றுக்கட்டியை வெட்டி எடுத்து நாலு வருடத்தில் வலது பக்கம் வந்தது. திரும்பி வந்ததல்ல, இது புதிது என்றார்கள். புகையிலையிலும் பாக்கிலும் வாய்த்தோல் முழுக்க ஊறிப்போய், பார்க்கச் சுகமாக இருக்கும் இடத்திலும் ஜீன்கள் கெட்டிருக்கலாமாம். 1953இலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். முதல் ஒப்பரேஷனுக்குப் பிறகு அப்பா புகையிலையை விட்டார், பாக்கை விடவில்லை. “வெறும் பாக்குத்தானே பிள்ளை” என்பார். புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே சொல்லிவிட்டது. எங்களுக்கு இரண்டாவது பயொப்சியில்தான் தெரியும்.

கோண்டாவில்காரி:
பெரியப்பாவும் அதையேதான் சொல்கிறார்! பாக்குவெட்டியை ஒளித்துவிட்டோம். இப்போது கதிர்ச் சிகிச்சை நடக்கிறது, வாய் காய்ந்து, சொதி விட்டுக் குழைத்தாலும் புட்டு இறங்குதில்லை. பருத்தித்துறை அக்கா, அப்பாவுக்கு அந்த நேரம் என்ன சாப்பாடு கொடுத்தீர்கள்?