மறுமொழி: ‘கொலாபரேட்டிவ் ரிசேர்ச் கிரான்ட்’ – தமிழில் என்ன போடுவது?

அன்புள்ள எல்லோருக்கும்,

நம் விண்ணப்பப் படிவத்தின் தலைப்பில் வரும் ‘கொலாபரேட்டிவ் ரிசேர்ச் கிரான்ட்’டுக்கு, அதாவது பலர் சேர்ந்து செய்யும் ஆய்வுக்குத் தரும் பணத்துக்கு, தமிழில் என்ன போடுவது என்று மூன்று நாளாக இந்த இழையில் சொல்லுக்குமேல் சொல்லாக வந்துகொண்டிருக்கிறது. நான் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. இந்தச் சொல்லால் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டவன் நான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முந்திய கதை. மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலை. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி அங்குள்ள ஆசிரியர்களும் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்வதாக ஏற்பாடு. பணமும் கிடைத்திருந்தது. பெற்றோருக்கு விளங்கப்படுத்த ஒரு பக்கக் கடிதம் தமிழில் வேண்டும் என்றார்கள், எழுதியவன் நான்தான். ‘கிரான்ட்’ வந்த இடத்தில் யோசிக்காமல் ‘மானியம்’ என்று போட்டேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கடிதத்தை வாசித்து முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பிக் கேட்டார்: “சேர், ஏக்கருக்கு எவ்வளவு?”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஆனால் அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. இலங்கையில் 1962இல் உரமானியம் தொடங்கியது. வேளாமை செய்கிறவருக்கு அதற்குப் பிறகு மானியம் என்றால் அது ஒன்றுதான். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது அந்தச் சொல்லில் கசப்பும் ஏறிக்கொண்டது.

> மானியம் பழைய சொல். கோயிலுக்கும் ஊர் ஊழியருக்கும் வரியில்லாமல் விட்ட நிலம்தான் மானியம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்று நாடே எழுதுகிறதே?

காரைதீவு ஐயா, சரித்திரப்படி நீங்கள் சொல்வது சரி. கிரான்டுக்கு அதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் கிடையாது. ஆனால் 1978 சட்டத்தோடு வந்த ஆணைக்குழுவின் பெயர் பெயர்ப்பலகையில் நிற்கிற பெயர். அதைப் பிரித்துப் பொருள் பார்ப்பவர் யார்? நம்முடைய சொல் ஓர் அதிபர் கையொப்பமிடும் படிவத்தில் வரப்போகிறது. (கலைச்சொல் என்றதும் உங்கள் ஊரில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளை நீங்கள் இழுத்துவருவீர்கள் என்று தெரியும். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். இழுக்க உரிமை உண்டு. ஆனாலும் மானியம் வேண்டாம்.)

‘நன்கொடை’யை ஒரே வரியில் தள்ளிவிடலாம். உண்டியலில் போட்ட காசுக்கு யாரும் அறிக்கை கேட்பதில்லை. ஆய்வுக்குத் தரும் பணம் அப்படியா? முன்மொழிவு எழுதவேண்டும், மதிப்பீட்டாளர் புள்ளி போடுவார், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். அப்புறமும் பணம் மொத்தமாக வராது. தவணை தவணையாக வரும். முதல் தவணைக்கு முன்னேற்ற அறிக்கை போகாவிட்டால் இரண்டாவது நகராது. மிஞ்சிய காசைத் திருப்பவேண்டும், வாங்கிய மடிக்கணினி நிறுவனத்தின் பொருட்பதிவேட்டில் ஏறவேண்டும், கடைசியில் கணக்காய்வு வரும். கடன் இல்லைதான், ஆனால் கணக்கு இருக்கிறது. கடனாகத் திருப்பவேண்டாம், ஆனால் சொன்னதைச் செய்து காட்டவேண்டும் என்கிற இந்த இரண்டையும் ஒரு சொல் தாங்கவேண்டும்.

> அப்படியென்றால் சுருக்கமாக ‘ஆய்வு நிதி’ என்று விடுங்களேன்.

அக்கரைப்பற்று நானா கேட்டது இது. நானும் முதலில் அங்கேதான் சாய்ந்தேன். சிக்கல் எங்கே என்றால், நிதி பானை. நமக்கு வேண்டியது அகப்பையில் வருவதற்கான பெயர். ஓர் உதாரணம். 2017இல் தொடங்கிய ‘அஹெட்’ உயர்கல்வித் திட்டத்துக்கு உலக வங்கி கொடுத்தது 10 கோடி டொலர். நாட்டுக்கு அது கடன். அதே பணத்தில் ஒரு பகுதி போட்டி முறையில் பல்கலைக்கழகங்களுக்குப் போனபோது, வாங்கிய துறைக்கு அது கிரான்ட். கொழும்பில் கடன், கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலையில் கிரான்ட்! எல்லாவற்றையும் ‘நிதி’ என்றால் யார் எதைத் திருப்பிக் கட்டவேண்டும் என்பது தெரியாமல் போய்விடும்.

எனவே என் வாக்கு ‘நல்கை’க்கு. நான் உருவாக்கிய சொல் அல்ல. தமிழ்நாட்டில் ஆய்வு நல்கை, நிதிநல்கை என்று நன்றாகவே புழங்குகிறது. இங்கே காதுக்குப் புதிது, அதுவே ஒரு வசதி: உரமும் ஒட்டவில்லை, உண்டியலும் ஒட்டவில்லை. ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். நல்குதல் என்றால் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு மனமிரங்கிக் கொடுப்பது. சங்க காலத்துப் புரவலன் பாணனுக்கு நல்கினான், பற்றுச்சீட்டு கேட்கவில்லை. அந்த மேல்–கீழ் வாசனை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். புழங்கப் புழங்கத் தேயும் என்று நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு உண்மையில் கவலை தருவது ‘கிரான்ட்’ அல்ல, அதற்கு முன்னால் நிற்கிற ‘கொலாபரேட்டிவ்’. இந்த இழையில் அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. ‘ஒத்துழைப்பு ஆய்வு’ என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் தலையாட்டிவிட்டீர்கள்.

நம் ஊரில் ‘ஒத்துழைப்பு’ எந்த வாக்கியத்தில் வரும்? “பொதுமக்கள் ஒத்துழைப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.” அதாவது, சொல்வதைச் செய்யுங்கள். வலயக் கல்விப் பணிமனைக் கடிதத்தோடு ஒருவர் வந்து, “மிஸ், உங்கள் ஒத்துழைப்பு வேண்டும்” என்றால் அந்த ஆசிரியைக்குத் தெரியும்: வினாக்கொத்தை நிரப்பவேண்டும், பிள்ளைகளை வரிசையில் இருத்தவேண்டும், வந்தவருக்குத் தேநீர் கொடுக்கவேண்டும். ஆய்வு அச்சில் வரும்போது நன்றியுரையில் ‘ஆசிரியர்களுக்கும்’ என்று ஒரு சொல் இருக்கும். அவ்வளவுதான். வயலுக்குச் சொந்தக்காரரான போடியார், அந்த வயலைப் பார்க்கிற முல்லைக்காரன் – இந்த உறவு தெரிந்தவர்களுக்கு இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. வயலில் நின்றவன் ஒருவன், விளைச்சலுக்குப் பெயர் இன்னொருவருடையது.

கேள்வியைச் சேர்ந்து வைப்பது, பணத்தைச் சேர்ந்து கையாள்வது, கட்டுரையில் சேர்ந்து பெயர் போடுவது – மூன்றும் இருந்தால்தான் கொலாபரேட்டிவ். அதற்கு ‘கூட்டு’ போதும். கூட்டாய்வு. ‘இணையாய்வு’ என்று ஒருவர் சொன்னார். காதில் இணையத்தில் தேடுவது போல விழுகிறது. ‘பங்கேற்பு ஆய்வு’ வேறு முறைக்கு ஏற்கெனவே போய்விட்டது. கூட்டாய்வு என்று வைத்தால் இன்னொரு வசதி: அதில் சேரும் ஆசிரியர் ‘கூட்டாய்வாளர்’ ஆகிறார். ‘தகவல் வழங்குநர்’ அல்ல, ‘உதவியாளர்’ அல்ல. வந்தாறுமூலையும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்து ஒலுவிலும் சேர்ந்து ஒரு முன்மொழிவு போட்டாலும் இதே சொல் செல்லும்.

அதே தலைப்பில் வரும் ‘ரீஜனல் எஜுகேஷன்’ பற்றிச் சுருக்கமாக. பிரதேசம் என்றால் பிரதேச செயலகம். வலயம், கோட்டம் இரண்டும் கல்வித் திணைக்களத்தின் கையில். வட்டாரம் 2018 உள்ளூராட்சித் தேர்தலோடு போனது. பிராந்தியம் என்றால் சுகாதாரப் பணிப்பாளர் ஞாபகம் வருகிறார். எல்லாச் சொல்லிலும் யாரோ கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சொல்வது, பொதுச் சொல்லே வேண்டாம். எந்த இடத்தின் கல்வியோ அந்த இடத்தின் பெயரை எழுதுங்கள்: ‘மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைக் கல்வி’. நீளம்தான், ஆனால் யாருக்கும் விளங்கும்.

ஆக, படிவத்தின் தலைப்பு இப்படி வரும்:

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைக் கல்விக்கான கூட்டாய்வு நல்கை – விண்ணப்பம்

புதன்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். மறுப்பு இருந்தால் செவ்வாய் இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து

––––––

கல்லடித் தம்பிக்கு,

நல்கை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மானியத்தை விட்டுக்கொடுக்கிறேன். ஏக்கர் கேள்விக்குப் பிறகு வேறு வழியில்லை.

கூட்டாய்வாளர் என்பதை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன். ஆனால் நீங்கள் அனுப்பிய வரைவில் நான்காம் பக்கத்தைப் பாருங்கள். செலவு அட்டவணையில் முதன்மை ஆய்வாளர் கொடுப்பனவு இருக்கிறது, ஆய்வு உதவியாளர் சம்பளம் இருக்கிறது, போக்குவரத்து இருக்கிறது. கூட்டாய்வாளருக்கு ஒரு வரிகூட இல்லை. அச்சுக்குக் கொடுக்கமுன் அதைச் சேர்த்துவிடுங்கள்.

காரைதீவிலிருந்து