தினமும் நடக்கிறேன், மண்டைக்குள் ஓடுவது மட்டும் நிற்கவில்லை

பீளமேட்டுக்காரன்:
வணக்கம். ஏழெட்டு மாதமாகக் காலையில் கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நடக்கிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடந்தே ஆகணும் என்று டாக்டர் சொல்லி ஆரம்பித்தது. எடை மூன்று கிலோ குறைந்தது, சந்தோஷம்தான். ஆனால் மனசு ஆபீஸிலேயே கிடக்கிறது. நேற்று மேனேஜர் சொன்னதற்கு இன்று உள்ளுக்குள் பதில் சொல்லிக்கொண்டே ரெண்டு சுற்று முடித்துவிடுகிறேன், எந்த மரத்தைத் தாண்டினேன் என்று கேட்டால் தெரியாது. காதில் பாட்காஸ்ட், கையில் பத்தாயிரம் அடிக் கணக்கு. மரம், செடி நடுவே கவனமாக நடந்தால் மனசு லேசாகும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அதற்கு வால்பாறை, டாப்ஸ்லிப் என்று மலைக்காட்டுக்குக் கிளம்பணுமா? கண்ணை மூடி உட்காரும் வேலை மட்டும் சொல்லாதீங்க, முயன்று தோற்றாயிற்று.

குளத்துமேட்டு டீச்சர்:
தம்பி, வால்பாறையெல்லாம் வேண்டாம். வீட்டுக்காரர் போன பிறகு ஒரு வருஷம் எனக்கும் இதே கதைதான், ராத்திரி முழுக்க பழையதையே அரைத்துக்கொண்டிருப்பேன். அப்புறம் சிங்காநல்லூர் குளத்துக் கரையில் நடக்க ஆரம்பித்தேன். சில நாள் சாக்கடை வாடை தூக்கும், பொய் சொல்லமாட்டேன், ஆனாலும் போவேன். மனசை அடக்கப் பார்க்காதீங்க, அடங்காது. கண்ணுக்கும் காதுக்கும் ஒரு வேலை கொடுங்க. கரையில் ஒரு புங்கமரம் இருக்கிறது, அங்கிருந்து அடுத்த வளைவு வரை நூறு எட்டு இருக்கும். அந்த நூறு எட்டு மட்டும் மெதுவாக நடப்பேன், பாதம் தரையில் படுவது தெரிகிற மாதிரி, எத்தனை விதமான சத்தம் கேட்கிறது என்று எண்ணிக்கொண்டே. மீதித் தூரம் எப்படியோ போகட்டும். முதல் வாரம் காக்காயும் லாரி ஹாரனும்தான் கேட்டது. போகப்போக நாமக்கோழிகள் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடுவதும், புதருக்குள்ளிருந்து செம்போத்து அடித்தொண்டையில் கூப்பிடுவதும் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தது. சித்திரையில் புங்கம்பூ பொரி இறைத்த மாதிரி கொட்டிக் கிடக்கும். ஒருநாள் அதை மிதிக்காமல் போகப் பார்த்து, அதிலேயே மூழ்கிவிட்டேன். அவர் நினைப்பே வரவில்லை என்பது வீட்டுக்கு வந்து காபி போடும்போதுதான் உறைத்தது. அதற்காகக் கொஞ்சம் அழுதேன், அது வேற.

கணக்குப்பிள்ளை:
டீச்சரம்மா சொல்வதற்கு ஆய்வுகளும் துணை நிற்கின்றன, ஆனால் ஊதிப் பெரிதாக்க வேண்டாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேரை மரங்கள் உள்ள புல்வெளியிலும் மீதிப் பேரை வண்டிகள் பறக்கும் சாலையோரமும் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். புல்வெளியில் நடந்தவர்களிடம் மட்டும் பழையதையே அசைபோடும் குணம் குறைந்தது, அதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் வேகமும் தணிந்தது. உங்கள் மேனேஜர் விவகாரமே அதுதான். ஆனால் மொத்தமே 38 பேர், நடந்ததும் ஒரே ஒரு தடவை. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரை வைத்து 2019-இல் வந்த ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையில் கழிப்பவர்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள் என்றது. ஒரே நாளில் மொத்தமாகவோ பிரித்தோ கழித்தாலும் வித்தியாசமில்லை. நன்றாக இருப்பவர்கள்தானே வெளியே அதிகம் போவார்கள் என்று நீங்கள் கேட்டால் நியாயமான கேள்வி.

அந்தப் பத்தாயிரம் அடியைத் தயவுசெய்து விடுங்க. அது 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயர். அதே ஜப்பானில் 1982-இல் வனத்துறை 'ஷின்ரின்-யோகு', அதாவது காட்டுக்குளியல், என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் அடிக்கணக்கே கிடையாது, காட்டுக்குள் சும்மா இருந்துவிட்டு வருவதுதான்.

மாலைநேரம்:
எல்லாம் சரி, ஆனால் ஒரு பெண் தனியாக மரத்தடியில் மெதுவாக நடந்தால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள், ஒருவர் வந்து "யாரைம்மா தேடறீங்க" என்பார். அதனால் நான் எங்கள் அபார்ட்மெண்ட் சுற்றுச்சுவருக்குள்ளேயே நடக்கிறேன். இருப்பது ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம். பொழுது சாயும்போது அது இலை மடக்குவதைப் பார்ப்பதற்காகவே ஆறு மணிக்கு இறங்குவேன். எனக்கு அது போதும்.

இன்னொன்றும் சொல்லணும். ரெண்டு வருஷம் முன்பு எனக்குத் தூக்கமும் பசியும் சேர்ந்தே போயிற்று. நடந்தால் சரியாகிவிடும் என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டது என் முட்டாள்தனம். மனநல மருத்துவரிடம் போய் மாத்திரை எடுத்த பிறகுதான் நடக்கவே தெம்பு வந்தது. உங்களுக்கும் அப்படி இருந்தால் மரத்தை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீங்க.

பீளமேட்டுக்காரன்:
ஐந்து நாள் ஆயிற்று. தூக்கம், பசி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, கேட்டதற்கு நன்றி. வாட்சை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். முதல் நாள் பன்னிரண்டாவது எட்டிலேயே மேனேஜர் வந்துவிட்டார். மூன்றாம் நாள் மேலே ஏதோ கிலுகிலுவென்று சத்தம், நிமிர்ந்தால் காய்ந்த காய்கள் காற்றில் ஆடுகின்றன. வாகை மரமாம், பக்கத்தில் இளநீர் விற்பவர் சொன்னார். ஏழு மாதமாக அதன் அடியில்தான் வண்டி நிறுத்துகிறேன்!

டீச்சரம்மா, ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கரைக்கு வரலாம் என்று இருக்கிறேன். நாய்த்தொல்லை எப்படி?

குளத்துமேட்டு டீச்சர்:
ஆறரைக்கு மேல் வாங்க தம்பி. மூணு நாய் இருக்கு, ஒண்ணும் பண்ணாது. பிஸ்கட் மட்டும் போட்டுப் பழக்கிவிடாதீங்க, அப்புறம் என் பின்னாடியே வரும்.