கோச் கே-யை நேரில் பார்த்தவர்கள் இருக்கீங்களா? ராலே–டர்ஹம் மக்களே, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கேரிக்காரன்:
நார்த் கரோலினாவுக்கு வேலைக்கு வந்த புதுசுல ஆபீஸ்ல என்னைக் கேட்ட முதல் கேள்வியே "நீ டியூக்கா, கரோலினாவா?"ங்கறதுதான். டியூக் யுனிவர்சிட்டி டர்ஹம்ல, கரோலினா யுனிவர்சிட்டி சாப்பல் ஹில்ல, ரெண்டுக்கும் நடுவுல பத்து மைல்கூடத் தேறாது. ஆனா மார்ச் மாசம் காலேஜ் கூடைப்பந்துப் போட்டி வந்தா பக்கத்து சீட்டுக்காரன்கூடப் பேச மாட்டான். மதியச் சாப்பாட்டுப் பேச்சுல நானும் கலந்துக்கணுமேன்னுதான் டியூக் கூடைப்பந்து கோச்சா இருந்த மைக் ஷிஷெவ்ஸ்கியை (அவர்தான் கோச் கே) பத்திப் படிக்க ஆரம்பிச்சேன், அப்படியே மாட்டிக்கிட்டேன்.

எல்லாரும் 5 சாம்பியன்ஷிப், 1,202 வெற்றி, 3 ஒலிம்பிக் தங்கம்னு அடுக்குவாங்க. எனக்குப் பிடிச்சது முதல் மூணு வருஷம். 1980-ல டியூக் இவரை எடுத்தப்போ, அதுக்கு முன்னாடி ராணுவ அகாடமியோட ஆர்மி டீம்ல இவரோட கடைசி சீசன் 9 வெற்றி, 17 தோல்வி. இங்க வந்தும் ரெண்டாவது வருஷம் 10-17, மூணாவது வருஷம் 11-17. 1983 சீசன் முடிஞ்சதே வர்ஜீனியாகிட்ட 109-66 உதையோடதான். அன்னைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தப்போ யாரோ "இன்னைக்கு நடந்ததை மறந்துடுவோம்"னு கிளாஸைத் தூக்க, இவரு "மறக்கவே கூடாது"ன்னாராம், நடுவுல ஒரு கெட்ட வார்த்தையோட. அடுத்த சீசன் முதல் பிராக்டிஸ்ல ஸ்கோர்போர்டுல அதே 109-66 எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

இவரைத் தூக்கணும்னு பணம் குடுக்கிற பெரிய மனுஷங்க எல்லாம் கத்தினாங்க. விளையாட்டுத்துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் 1984 ஜனவரியில ஒப்பந்தத்தை நீட்டிக் குடுத்தார்! ரெண்டே வருஷத்துல 37-3, ஃபைனல் வரைக்கும் போனாங்க (லூயிவில்கிட்ட 3 பாயிண்ட்ல போச்சு). இன்னைக்கு எந்தக் காலேஜ்லயாவது அந்த நாலாவது வருஷம் கிடைக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் அவரைப் பார்த்தது டிவியிலதான். நேர்ல பார்த்தவங்க எழுதுங்க.

டர்ஹம் பழைய மாணவி:
அண்ணா, நான் டியூக்ல பிஎச்டி பண்ணினேன். எங்களை மாதிரி மேற்படிப்பு மாணவர்களுக்கு சீசன் டிக்கெட் வேணும்னா செப்டம்பர்ல ஒரு வார இறுதி முழுக்க கேம்பஸ் பார்க்கிங்ல படுத்துக் கிடக்கணும். வாடகைக்கு எடுத்த லாரிக்குள்ள பாய் விரிச்சுப் படுத்திருப்போம். நடுராத்திரி ரெண்டு மணிக்குச் சங்கு ஊதுவாங்க, எழுந்து ஓடிப்போய்ப் பேரைப் பதியணும். இவ்வளவும் பண்ணினா டிக்கெட் கைக்கு வந்துடாது, குலுக்கல்ல பேர் சேரும், அவ்வளவுதான். லேப்ல எங்க கைடு திங்கட்கிழமை என் மூஞ்சியைப் பார்த்ததும் ஒண்ணும் கேட்கலை, அவருக்கே தெரியும்.

எனக்குக் குலுக்கல்ல விழுந்துச்சு. கேமரன் ஸ்டேடியத்துக்குள்ள போனதும் முதல்ல ஏமாற்றம்தான். 1940-ல கட்டினது, 9,314 பேர்தான் உட்காரலாம், ஒரே புழுக்கம். ஆனா அந்தச் சின்ன இடத்துலதான் கோச் கே வேலை செய்யறதைப் பக்கத்துல நின்னு பார்க்க முடிஞ்சுது. நான் பந்தைப் பார்க்கவே இல்லை, அவரைத்தான் பார்த்தேன். பையன் ஒருத்தன் பந்தை விட்டுட்டா பெஞ்சுக்குக் கூப்பிட்டுத் திட்ட மாட்டார். அடுத்ததைப் பாருன்னு கையைக் காட்டுவார். ரெஃப்ரி தப்புப் பண்ணினாத்தான் பிரச்சினை. என்ன சொல்றார்னு காது கேட்க வேண்டாம், உதட்டைப் பார்த்தாலே போதும். இங்க சிலர் அவரை மகான் ரேஞ்சுக்குப் பேசறாங்க, அதனாலதான் சொல்றேன். 😄

சாப்பல் ஹில் கட்சி:
அக்கா உண்மையைப் பேசினதுக்கு நன்றி. டியூக்காரங்க யாராவது 1995-ஐப் பத்தி எழுதுவாங்கன்னு பார்த்தேன், மூச்சே இல்லை. முதுகு ஆபரேஷன் ஆகி, சீக்கிரமே திரும்பி வந்து, முடியாம ஜனவரியில உட்கார்ந்துட்டார். அப்போ டீம் 9-3. மிச்ச சீசன் 4-15. அந்த 15 தோல்வியும் அசிஸ்டண்ட் பீட் கௌடெட் கணக்குல ஏறிடுச்சு. எங்க ஊர்ல பார்ல இன்னும் இதுக்குச் சண்டை நடக்கும்.

கேரிக்காரன்:
தம்பி, வாங்க. அந்த 4 வெற்றியும் அவர் கணக்குல இல்லைங்கறதையும் சேர்த்துச் சொல்லணும். அப்போ அவர் வேலையையே விட்டுடறேன்னு போய் நின்னார், அதே பட்டர்ஸ்தான் முடியாதுன்னு திருப்பி அனுப்பினார். ஒரு ஆளை ரெண்டு தடவை காப்பாத்தின மேனேஜர். எனக்கு வாய்ச்ச மேனேஜர்களை நினைச்சுக்கிறேன்.

பெஞ்ச் எரிச்ச பையன்:
2010 ஃபைனல், பட்லர் யுனிவர்சிட்டியோட. நாங்க கேமரன்லயே பெரிய ஸ்க்ரீன்ல பார்த்தோம். நாங்க 61-59-ன்னு முன்னாடி, கடைசி நொடியில பட்லர் பிளேயர் ஹேவர்ட் பாதிக் கோர்ட்டுல இருந்து எறிஞ்சது வளையத்துல பட்டு வெளிய வந்துச்சு. பக்கத்துல நின்ன சீனாக்காரப் பையன் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதான், அவன் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அப்புறம் கேம்பஸ் மரபெஞ்சுகளைத் தூக்கிட்டு வந்து எரிச்சோம் (அது அங்க சம்பிரதாயம், போலீஸ் பிடிக்காது). மறுநாள் டீம் திரும்பி வந்தப்போ மறுபடி கேமரன் நிரம்பி வழிஞ்சுது. அவர் வந்து நின்னார், நான் எட்டடி தூரத்துல. பார்க்க நம்ம ஊர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மாதிரிதான் இருந்தார்.

மோரிஸ்வில் பெரியவர்:
நான் 90களில் இருந்து இங்கே இருக்கிறேன். 2010 அணியில் தூண்களாக நின்றவர்கள் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள். 2015இல் கோப்பை வென்றபோதோ ஓகஃபோர், வின்ஸ்லோ, டையஸ் ஜோன்ஸ் என முதலாண்டுப் பையன்கள். மூவரும் அதே கோடையில் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குப் போய்விட்டார்கள். நான்கு ஆண்டுகள் வளர்த்துப் பழகியவர், எழுபதை நெருங்கும் வயதில் ஒரே ஆண்டில் போய்விடும் பிள்ளைகளை வைத்து அணி கட்டக் கற்றுக்கொண்டார். சிலருக்கு இது கொள்கையை விட்டுக்கொடுத்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, 42 ஆண்டுகள் ஒரே இடத்தில் நிற்க வேறு வழியில்லை.

நேரில் பார்த்ததில்லை. ஆனால் டர்ஹமில் அவர் தாயார் பெயரில் இருக்கும் எமிலி கே மையத்தில் பிள்ளைகளுக்குச் சில காலம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கான இடம் அது. அந்தத் தாயார் சிகாகோவில் இரவில் தரை துடைத்தவர், தந்தை லிஃப்ட் இயக்கியவர். அங்கே வரும் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கும் அதே மாதிரி வேலைதான்.

சாப்பல் ஹில் கட்சி:
பெரியவர் எழுதினதுக்கு அப்புறம் வம்பிழுக்க மனசு வரலை, இருந்தாலும்... 2022 மார்ச் 5, அவரோட கடைசி ஹோம் மேட்ச். 90-க்கும் மேல பழைய பிளேயர்கள் வந்து உட்கார்ந்திருந்தாங்க. நாங்க 94-81-ன்னு ஜெயிச்சோம். முடிஞ்சதும் மைக் பிடிச்சு ரசிகர்கள்கிட்ட மன்னிப்புக் கேட்டார், இன்னைக்கு ஆடினதை ஏத்துக்கவே முடியாதுன்னார். அடுத்த மாசம் நியூ ஆர்லியன்ஸ்ல அரையிறுதி, மறுபடி நாங்கதான், 81-77. அதோட அவர் ரிட்டயர். அது போகட்டும், எங்க கரோலினா கோச்சா இருந்த டீன் ஸ்மித் தன்கிட்ட ஆடின பசங்க எல்லாருக்கும் உயில்ல ஆளுக்கு 200 டாலர் எழுதி வெச்சு, போய் நல்லாச் சாப்பிடுங்கன்னு சொன்ன மனுஷன். அவரைப் பத்தி இங்க ஒரு வரி இல்லையே?

கேரிக்காரன்:
அவருக்குத் தனி இழை போடுங்க தம்பி, அங்க வந்து சண்டை போடறேன்.