200 எம்பி கார்டு போட்டும் கேமரா திணறுகிறது, 300 வாங்கலாமா?

நெல்லைக்காரன்77
வணக்கம். பறவைப் படம் எடுக்கிறேன். பட்டனை அழுத்திப் பிடித்தால் முதலில் படபடவென்று ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் திணறி ஒன்றொன்றாக விழுகிறது. மீன்கொத்தி தண்ணீரில் பாயும் நேரம் பார்த்துத்தான் இப்படி ஆகிறது. மெமரி கார்டில் நொடிக்கு 200 எம்பி (மெகாபைட்) வேகம் என்று போட்டிருக்கிறது, புதுசு. கடையில் கேட்டால் 300 எம்பி கார்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். விலையோ மூன்று மடங்கு. வாங்கலாமா? ஞாயிறு கூந்தன்குளம் போகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

பிக்சல்பாண்டி
என்ன கேமரா? என்ன கார்டு? ராவா, ஜேபெக்கா? (ரா என்றால் கேமரா திருத்தாத மூலக் கோப்பு, ஜேபெக் என்றால் கேமராவே திருத்திச் சுருக்கிய படம்.) இந்த மூன்றும் இல்லாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கரிச்சான்
கார்டு போலியாக இருக்கும், சந்தேகமே வேண்டாம். விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட், லினக்ஸ் அல்லது மேக் என்றால் எஃப்3 என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுக் கார்டையும் எழுதிப் படித்துப் பாருங்கள். போலி என்றால் அங்கேயே பல் இளித்துவிடும்.

தஞ்சை_லென்ஸ்
மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகிப் போட்டிருக்கிறீர்களா? அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள். என்னைக் கேட்டால் எல்லாக் கோளாறுக்கும் அடாப்டர்தான் காரணம்.

எஃப்ஸ்டாப்
மாதத்துக்கு ஒருமுறை இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கார்டின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் படிக்கும் வேகம், எழுதும் வேகம் அல்ல. படம் எடுப்பவர் என்று சொல்லிக்கொள்பவருக்கு இதுகூடத் தெரியாதா?

நெல்லைக்காரன்77
சோனி ஏ6400. லென்ஸ் 70-350. கார்டு 128 ஜிபி, அடாப்டர் இல்லை, முழு அளவு எஸ்டி.

பிக்சல்பாண்டி
லென்ஸை யாரும் கேட்கவில்லையே சார். ராவா, ஜேபெக்கா? கார்டில் யு என்ற எழுத்துக்குள் என்ன எண் இருக்கிறது? வி என்று போட்டுப் பக்கத்தில் என்ன எண்?

நெல்லைக்காரன்77
ரெண்டும். ராவும் ஜேபெக்கும் சேர்த்து. யு-வுக்குள் 3. வி30. ரோமன் எழுத்தில் ஒன்று. கரிச்சான் சொன்ன சோதனையும் ஓட்டினேன், பிழை எதுவும் வரவில்லை.

கரிச்சான்
பிழை வராவிட்டாலும் மெதுவான கார்டாக இருக்கலாம். எழுதும் வேகம் எவ்வளவு காட்டியது?

எஃப்ஸ்டாப்
போலிக் கதையை விடுங்கள். விவரம் வந்துவிட்டது, பாடம் எடுக்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

வி30, யு3 இரண்டும் ஒரே வாக்குறுதிதான்: வீடியோ எழுதும்போது நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் கீழே இறங்காது. வி60 என்றால் 60, வி90 என்றால் 90. இது அடிமட்டக் கணக்கு. 200 என்பது விளம்பரக் கணக்கு. ரோமன் ஒன்று என்றால் யுஎச்எஸ்-1, அதாவது கார்டுக்கும் கேமராவுக்கும் இடையிலான இணைப்பின் வேகத் தரம். அந்தத் தரத்தில் நொடிக்கு 104 மெகாபைட்தான் உச்சம். அதற்கு மேல் போட்டிருக்கும் வேகம் அந்தந்தக் கம்பெனி தனியாக விற்கும் ரீடரில்தான் கிடைக்கும், கேமராவில் கிடைக்காது.

கடைக்காரர் காட்டிய 300 எம்பி கார்டு யுஎச்எஸ்-2. அதைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் இரண்டு வரிசையில் தங்கப் பட்டைகள் இருக்கும். ஏ6400-இன் குழியில் முதல் வரிசைக்குத்தான் இணைப்பு. அதனால் அந்தக் கார்டும் உள்ளே போனதும் யுஎச்எஸ்-1 ஆகத்தான் வேலை செய்யும். மூன்று மடங்கு விலை கொடுத்தால் கணினிக்கு மாற்றும்போது நேரம் மிச்சம், அதற்கும் யுஎச்எஸ்-2 ரீடர் வேண்டும்.

பிக்சல்பாண்டி
தொனியை விடுங்கள், விஷயம் சரி. நான் கணக்கை மட்டும் சேர்க்கிறேன். இந்தக் கேமராவில் ஒரு ரா சுமார் 25 எம்பி. உச்ச வேகத்தில் நொடிக்கு 11 படம் என்றால் 275 எம்பி, ஜேபெக் தனி. வெளியே போகும் வழியோ 104-க்குள். மீதி எல்லாம் பஃபரில், அதாவது கேமராவின் தற்காலிக நினைவகத்தில் தேங்கும். பஃபர் நிறைவதற்குள் ரா மட்டும் என்றால் 46 படம், ராவும் ஜேபெக்கும் என்றால் 44 என்பது கம்பெனியே சொல்லும் கணக்கு. 44-ஐ 11-ஆல் வகுத்தால் நான்கு நொடி. உங்கள் கேமரா பழுதில்லை, கார்டும் பழுதில்லை.

தஞ்சை_லென்ஸ்
4கே வீடியோவுக்கு இந்தக் கார்டு போதுமா? எனக்கும் அதே கேமராதான்.

பிக்சல்பாண்டி
தாராளமாக. அதில் 4கே அதிகபட்சம் நொடிக்கு 100 மெகாபிட். பிட்டை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டு வி90 வாங்கியவர்கள் நிறையப் பேர். ஆனால் 100 மெகாபிட் எடுக்க யு3 கார்டு வேண்டும் என்று கேமரா கேட்கும், யு1 போதாது.

ஆற்றோரம்
நெல்லைக்காரன் தம்பி, எந்த மீன்கொத்தி? கருப்பு வெள்ளையா?

நெல்லைக்காரன்77
ஆமாம் அண்ணே.

ஆற்றோரம்
அப்போது சிக்கல் விரலில்தான் இருக்கிறது. அது ஒரே இடத்தில் அந்தரத்தில் சிறகடித்து நின்று, குறிபார்த்து, அப்புறம்தான் பாயும். நிற்கத் தொடங்கியதுமே நீங்கள் அழுத்திப் பிடித்தால் அந்த நான்கு நொடியும் ஒரே மாதிரி படங்களில் தீர்ந்துவிடும். நிற்கும்போது இரண்டு மூன்று படம் தட்டிவிட்டு விரலை எடுங்கள். சிறகை மடக்கித் தலை கீழே போகும்போது அழுத்துங்கள். இன்னொன்று, நொடிக்கு 11 படத்தை விட்டு 8-க்கு இறங்குங்கள். 11-இல் திரையில் தெரிவது கடைசியாக எடுத்த படம், 8-இல் பறவையே தெரியும். பாயும் பறவையைப் பின்தொடர அதுதான் வசதி.

பழையரோல்
எல்லாம் சரி, ரா எதற்கு? ஜேபெக் மட்டும் வைத்தால் 116 படம் வரை போகும். ஸ்லைடு பிலிமில் ஒரு ரோலுக்கு 36 படம்தான். வெளிச்சத்தைச் சரியாக அளந்து எடுத்தோம், அப்புறம் திருத்த ஒன்றும் இருக்காது.

கரிச்சான்
ஐயா, கருப்பு வெள்ளை மீன்கொத்தியை உச்சி வெயிலில் ஜேபெக்கில் எடுத்துப் பாருங்கள். நெஞ்சு வெள்ளைக் காகிதம் ஆகிவிடும், கண் கருப்புக்குள் காணாமல் போகும். அதற்குத்தான் ரா.

பழையரோல்
உச்சி வெயிலில் பறவை எடுக்கப் போவதே தப்பு. காலை ஏழு மணிக்கு எடுத்தால் எதுவும் ஆகாது. வெள்ளை வெளுத்துப் போகாதபடி வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

கரிச்சான்
பறவை உங்கள் கடிகாரம் பார்த்தா மீன் பிடிக்கிறது?

எஃப்ஸ்டாப்
ஜேபெக்கில் எடுப்பவர்களோடு வாதிடுவதை நான் நிறுத்திப் பல காலம் ஆகிறது.

பழையரோல்
நல்லது. நிறுத்தியே வையுங்கள்.

பிக்சல்பாண்டி
இழை கேள்விக்கே திரும்பட்டும். சுருக்கமான வழி: ராவும் ஜேபெக்கும் சேர்த்து எழுதுவதை நிறுத்துங்கள், ஏதாவது ஒன்று போதும். கார்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால் யுஎச்எஸ்-1-லேயே எழுதும் வேகம் 90-க்கு மேல் உள்ளது வாங்கலாம். நான்கு நொடி பெரிதாக நீளாது, ஆனால் நிறைந்த பஃபர் காலியாகும் நேரம் குறையும். அடுத்த பாய்ச்சலுக்குக் கேமரா தயாராக இருக்கும்.

கரிச்சான்
எழுதும் வேகம் எவ்வளவு காட்டியது என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நெல்லைக்காரன்77
போய் வந்தேன். கார்டு வாங்கவில்லை. 8 வைத்தேன், ஜேபெக்கை நிறுத்திவிட்டேன். மீனோடு ஏறும் படம் ஒன்று கிடைத்தது, ஆற்றோரம் அண்ணனுக்கு நன்றி. படம் பிறகு போடுகிறேன்.

பழையரோல்
ராவிலா எடுத்தீர்கள்?

தஞ்சை_லென்ஸ்
எத்தனை மணிக்கு எடுத்தது என்றும் சொல்லிவிடுங்கள், இங்கே ஒரு வழக்கு தீரும்.

வரப்புமேடு
எனக்கும் இதே பிரச்சினை. 200 எம்பி கார்டுதான். என்ன செய்யலாம்?

பிக்சல்பாண்டி
என்ன கேமரா?